பெரட்டுக்களமும் பாடசாலையும்: ஊவாத் தோட்டங்களில் மாணவர் ஒழுங்கும் பொலிஸ் அதிகாரமும் – ஒரு வரலாற்று நோக்கு

1

பாடசாலை ஒழுங்கைப் பேணுவதில் பொலிஸாருக்குப் பங்கு உண்டா, உண்டெனின் அஃது எத்தகையது என்ற வினா அண்மைக் காலத்தில் இலங்கையிற் பலமுறை எழுப்பப்பட்டுள்ளது. 2019 ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளின் பின்னர் பாடசாலைகள் மீளத் திறக்கப்பட்டபோது மாணவரின் புத்தகப் பைகள் வாயிலிலேயே சோதிக்கப்பட்டன. போதைப்பொருள் பற்றிய அச்சம் பெருகிய பின்வந்த ஆண்டுகளில், பொலிஸார் பாடசாலைக்குள் வருதல் வேண்டும் என்ற கோரிக்கை பெற்றோரிடமிருந்தும் ஆசிரியரிடமிருந்துங்கூட எழுந்தது.

இவ்விடயம் பற்றி வாதிடுவோர் இரு சாராராகப் பிரிவர். ஆசிரியரின் அதிகாரம் குன்றிவிட்டமையால் பொலிஸாரின் துணை இன்றியமையாததென்பர் ஒரு சாரார். அறிவு வளரும் இடத்திற் சீருடைக்கு இடமில்லை என்பர் மறு சாரார். எனினும் இரு சாராரும் ஓர் எடுகோளைப் பொதுவாகக் கொண்டுள்ளனர்: பாடசாலையும் பொலிஸும் வரலாற்றில் வெவ்வேறாகத் தோன்றி வளர்ந்த நிறுவனங்கள்; இன்றுதான் ஒன்று மற்றொன்றின் வாயிலிற் போய் நிற்கின்றது என்பதே அவ்வெடுகோள். நகரத்துப் பாடசாலைகளைப் பொறுத்தவரை இஃது ஓரளவு பொருந்தலாம். பெருந்தோட்டப் பாடசாலைகளைப் பொறுத்தவரை இது பொருந்தாது. அங்கு பாடசாலை தோன்றியபோதே தண்டிக்கும் அதிகாரத்தின் நிழலிலேதான் தோன்றியது. பதுளை மாவட்டத்தில் பசறைக்கு அப்பால் அமைந்துள்ள மடுல்சீமையையும் அதனைச் சூழ்ந்த ஊவாத் தோட்டங்களையும் நிலைக்களமாகக் கொண்டு இவ்வுண்மையை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

இலங்கையின் பொருளாதார வரலாற்றில் மடுல்சீமைக்குத் தனியிடம் உண்டு. கோப்பிப் பயிரை அழித்த இலைநோய் 1869 ஆம் ஆண்டில் இத்தீவில் முதன்முதலாக அவதானிக்கப்பட்டது இப்பகுதித் தோட்டமொன்றிலேயே ஆகும். அடுத்துவந்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி வீழ்ந்தது. தேயிலை அதனிடத்தைக் கைப்பற்றியது. இம்மாற்றம் வெறும் பயிர் மாற்றமன்று. கோப்பிக்குத் தேவைப்பட்டது பெரிதும் பருவகால உழைப்பேயாகும். பழம் பறித்து முடிந்ததும் தொழிலாளருட் பெரும்பாலோர் தமிழகத்துக் கிராமங்களுக்குத் திரும்பினர். தேயிலையிலோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறித்தாதல் வேண்டும். ஆதலின் தொழிலாளர் குடும்பம் குடும்பமாக லயங்களிற் குடியமர்த்தப்பட்டனர். லயத்திற் பிள்ளைகள் பிறந்தனர்; வளர்ந்தனர். கொழுந்தெடுக்கவும் புல்வெட்டவும் உதவக்கூடிய சிறு கைகள் தோட்டத்திலேயே நிரந்தரமாகக் கிடைத்தன. ‘தோட்டத்துப் பிள்ளை’ என்பது ஒரு சமூகப் பிரச்சினையாக உருப்பெற்றது இவ்வாறே. தோட்டப் பாடசாலையின் வரலாற்றை மிஷனரிமாரின் தருமசிந்தையிலிருந்து தொடங்குவோர் இப்பொருளியல் அடிப்படையைத் தவற விடுகின்றனர்.

இக்குடியமர்வைக் கட்டிக்காத்த சட்டங்களை அடுத்து நோக்குவோம். 1865 ஆம் ஆண்டில் இரு கட்டளைச் சட்டங்கள் இலங்கையில் நிறைவேறின. ஒன்று, அவ்வாண்டின் 11 ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டம். அது முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்குதலைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியது. மற்றையது, 16 ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டம். இன்றைய பொலிஸ் திணைக்களத்தின் சட்ட அடிப்படை இதுவேயாகும். தொழிலாளியின் ஓட்டத்தைக் குற்றமாக்கிய சட்டமும் குற்றவாளியைத் துரத்திப் பிடிக்கும் அமைப்பை ஒழுங்குபடுத்திய சட்டமும் ஒரே ஆண்டில் வந்தமை நம் கவனத்துக்குரியது. இரண்டும் ஒரே காலனித்துவப் பொருளாதாரத்தின் தேவைகளுக்கு விடையளித்தன.

ஆயினும் பொலிஸ்காரர் தோட்டத்தில் அன்றாடம் காணப்பட்டவரல்லர். அவர் அங்கு அன்றாடம் தேவைப்படவுமில்லை. விடியுமுன் தப்பொலி கேட்டதும் பெரட்டுக்களத்தில் அணிவகுத்தல் வேண்டும். தாமதித்து வந்தவருக்கு அரைப்பேர். கணக்கப்பிள்ளையின் செக்ரோலிற் பெயர் விழாவிடின் அன்றைய கூலி இல்லை. கடன் தீர்ந்ததெனக் கூறும் துண்டு இன்றி வேறு தோட்டத்தில் வேலை பெறுதலும் இயலாது. துண்டு முறை 1921 ஆம் ஆண்டிலேயே சட்டத்தால் நீக்கப்பட்டது. துரைமாருட் சிலர் சமாதான நீதவான்களாகவும் உத்தியோகப் பற்றற்ற பொலிஸ் நீதவான்களாகவும் நியமனம் பெற்றிருந்தனர். தொழில் தருபவரும் முறைப்பாடு செய்பவரும் நீதி வழங்குபவரும் ஒரே வகுப்பினராக இருந்த ஒரு சமுதாயத்திற் பொலிஸ் நிலையம் எட்டத்தில் இருப்பதே போதுமானதாயிற்று. சி. வி. வேலுப்பிள்ளை முதலானோர் தொகுத்த மலையக நாட்டார் பாடல்களில் அன்றாட அடக்குமுறையின் முகங்களாகத் துரையும் கங்காணியும் கணக்கப்பிள்ளையுமே மீண்டும் மீண்டும் வருதல் இதன் இலக்கியச் சான்றாகும்.

3

இத்தகைய அமைப்புக்குள்ளேயே பாடசாலை நுழைந்தது. தொடக்கத்தில், எழுத்தறிந்த தொழிலாளி ஒருவர் அல்லது கங்காணியின் உறவினர் ஒருவர் மாலை வேளைகளில் லயத்திற் பிள்ளைகளைக் கூட்டி எழுத்தும் எண்ணும் கற்பித்தார். 1854 ஆம் ஆண்டிற் தொடங்கப்பெற்ற ‘தமிழ்க் கூலி மிஷன்’ தோட்டத்துரைமாரின் ஆதரவோடு பாடசாலைகளை நடத்தியது. ஊவாவில் வெஸ்லியன் மிஷனும் இப்பணியில் ஈடுபட்டது. இவை யாவும் துரையின் அனுமதியோடு நிகழ்ந்தவை. தோட்டம் தனியார் நிலம்; அதனுள் அழைப்பின்றி நுழைபவர் அத்துமீறல் குற்றத்துக்கு ஆளாகலாம். தொழிலாளரின் நிலையை நேரிற் காண விரும்பிய கோ. நடேசய்யர் புடைவை வியாபாரியாக வேடந்தாங்கித் தோட்டத்துக்குள் நுழைந்தாரென்ற செய்தி, அவ்வேலி எத்துணை இறுக்கமானது என்பதை விளக்கும்.

1907 ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைக் கட்டளைச் சட்டத்தின் பின்னர், 1920 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டம் தோட்டக் கல்வியைத் தெளிவாக வரையறுத்தது. ஆறு வயதுக்கும் பத்து வயதுக்கும் இடைப்பட்ட தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வழங்குதலும், தகுந்த ஆசிரியரை நியமித்தலும், பாடசாலை அறையொன்றை ஒதுக்கிப் பேணுதலும் தோட்ட அத்தியட்சரின் கடமையாயின. மேலோட்டமாக நோக்குவோர்க்கு இது முன்னேற்றமாகவே தோன்றும். ஒரு வகையில் முன்னேற்றமுமாகும். ஆனால் இச்சட்டத்தின் உட்பொருள் யாது? தோட்டத்துக்கு வெளியே கல்வி அரசினதோ மிஷனரியினதோ பொறுப்பு. தோட்டத்துக்குள்ளேயோ அது துரையின் பொறுப்பு. கல்வித் திணைக்களத்துப் பரிசோதகர் எப்போதாவது வந்து போவார். வரவைக் கண்காணித்தல், வராத பிள்ளையின் பெற்றோரை விசாரித்தல், ஆசிரியரை நியமித்தல், நீக்குதல் ஆகிய அன்றாட அதிகாரங்கள் யாவும் பெரட்டுக்களத்தை நடத்திய அதே கைகளில் இருந்தன.

பத்து வயது என்ற எல்லையும் தற்செயலானதன்று. 1927 ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிக் கட்டளைச் சட்டத்தின் வழி நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி, மலைநாட்டு உயர்பகுதியில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம் என்றமைந்தது. பிள்ளையின் உழைப்புக்குச் சட்டமே விலை குறித்திருந்த ஒரு நாட்டில், அவ்விலை பெறத் தொடங்கும் வயதுவரைதான் பாடசாலை நீண்டது. கல்வியின் எல்லையை வகுத்தது கல்வியின் தேவையன்று, தோட்டத்தின் தேவையே.

மார்க்ஸ் மூலதனத்தின் முதலாம் தொகுதியில் ஆங்கிலத் தொழிற்சாலைச் சட்டங்களின் கல்விப் பிரிவுகளை ஆராயும்போது, எழுதத் தெரியாத ஆசிரியர்கள் சிலுவைக் குறியிட்டு வழங்கிய வரவுச் சான்றிதழ்களைப் பற்றிக் குறிப்பிடுகின்றார். சட்டம் கல்வியை விதித்தது. முதலாளி வேண்டியதோ சான்றிதழ் மட்டுமே. ஆயினும் இங்கிலாந்திலே தொழிற்சாலைப் பரிசோதகர் என்ற மூன்றாமவர் ஒருவர் இருந்தார். முதலாளியை நீதிமன்றுக்கு இழுக்க அவரால் முடிந்தது. ஊவாத் தோட்டத்துப் பிள்ளைக்கு அத்தகைய மூன்றாமவர் நடைமுறையில் இருந்ததில்லை.

ஓராசிரியர் பாடசாலையே தோட்டத்தின் பொது வழக்காயிற்று. அவ்வாசிரியர் தோட்டத்தின் சம்பளப் பட்டியலில் இடம்பெற்றவர். தோட்டத்து உத்தியோகத்தர் வரிசையில் அவர் நின்றது கீழ்ப்படியிலாகும். தமக்கு மேலுள்ளோரின் கட்டளைக்கு அஞ்சி நின்ற ஒருவரிடம், தமக்குக் கீழுள்ள ஒரே கூட்டமாகப் பிள்ளைகளே இருந்தனர். அவரது கையிலிருந்த பிரம்பைத் தனிமனிதரின் குணக்கேடாக விளங்கிக்கொள்ளல் தவறு. தோட்டத்தின் அதிகாரப் படிவரிசை முழுவதும் வந்து முடிந்த இறுதி நுனி அதுவாகும்.

4

இவ்விடத்து, தோட்டத் தொழிலாளரின் பூர்வீக மாவட்டங்களைத் திரும்பி நோக்குதல் பயன்தரும். ஊவாவுக்கு வந்தோர் திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், தஞ்சை முதலிய பகுதிகளினின்றும் வந்தவர்கள். அவர்கள் விட்டு வந்த நிலத்தில், ஏறத்தாழ அதே காலப்பகுதியில், கல்வியும் பொலிஸும் வெளிப்படையாகவே கைகோத்து நின்றன.

1871 ஆம் ஆண்டிற் பிரித்தானிய இந்திய அரசு கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னர் சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்தது. பிறப்பினாலேயே குற்றவாளிகள் எனப் பதியப்பட்ட சமூகங்களுள் மதுரைப் பகுதிப் பிறமலைக் கள்ளரும் அடங்குவர். கைரேகைப் பதிவை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்பிரல் 3 ஆம் நாள் பொலிஸார் துப்பாக்கிச் சூடு நடத்தினர். மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினாறு பேர் உயிர் நீத்தனர். இதன்பின் ‘கள்ளர் சீரமைப்பு’ என்ற பெயரில் பாடசாலைகள் பெருந்தொகையாக நிறுவப்பட்டன. சீரமைப்புத் திட்டத்திற் பொலிஸ் அதிகாரிகளின் மேற்பார்வை முக்கிய இடம் பெற்றது. பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தப் பாடசாலைகளில் வைக்கும் அதிகாரத்தையும் அச்சட்டம் அரசுக்கு வழங்கியிருந்தது. தந்தை இரவிற் பொலிஸ் கண்காணிப்பில் உறங்குவார். மகன் பகலில் அதே திட்டத்தின் பாடசாலையில் எழுத்துப் பயில்வான். அப்பாடசாலைகளிற் பயின்றோர் பின்னர் பல துறைகளில் உயர்ந்தனர் என்பதும், கள்ளர் சீரமைப்புப் பாடசாலைகள் இன்றளவும் அரசுப் பாடசாலைகளாக நிலைத்துள்ளன என்பதும் உண்மையே. ஒரு நிறுவனம் தோற்றுவிக்கப்பட்ட நோக்கம் வேறு, மக்கள் அதனைத் தமதாக்கிக்கொண்ட விதம் வேறு என்பதற்கு இது தக்க சான்றாகும்.

பாக்குநீரிணையின் இரு கரைகளிலும் 1920 ஆம் ஆண்டு நிகழ்ந்தவற்றை ஒப்பிடுவோம். மதுரைப் பகுதியில் அரசு தன் பொலிஸைப் பாடசாலைக்கு அனுப்பியது. ஊவாவில் அரசு தன் பாடசாலையைத் துரையிடம் ஒப்படைத்தது. வழிகள் வேறுபடினும் ஏழைப் பிள்ளையின் கல்வியை அவனது குடும்பத்தின் உழைப்பை அடக்கி ஆள்பவரிடமே விடுதல் என்ற கொள்கை ஒன்றேயாகும்.

பிரெஞ்சு மார்க்ஸியவாதியான அல்தூசர் 1970 ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில் அரசின் ஒடுக்குமுறை இயந்திரத்தையும் கருத்தியல் இயந்திரத்தையும் வேறுபடுத்தினார். பொலிஸும் நீதிமன்றும் சிறையும் முதலாவதைச் சாரும்; பாடசாலை இரண்டாவதில் முதன்மையானது. முதிர்ந்த முதலாளித்துவ நாடொன்றின் அனுபவத்தில் எழுந்த இப்பாகுபாட்டை நாம் அப்படியே ஊவாவுக்குப் பொருத்தவியலாது. பெருந்தோட்டத்தில் இவ்விரு இயந்திரங்களும் பிரிந்து இயங்கவில்லை. துரையின் பங்களாவில் இரண்டும் ஒன்றாயிருந்தன. பாடசாலையிற் பொலிஸின் பங்கு என்ற வினா அன்று அங்கு எழாமைக்குக் காரணம் பொலிஸ் அங்கு இல்லாமையன்று. தோட்டமே பொலிஸாக இருந்தமையாகும்.

5

தோட்டத்தின் உள்ளொழுங்கு உடைந்தபோதெல்லாம் பொலிஸ் வெளிப்படையாக வந்தது. 1940 ஆம் ஆண்டு ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்திற் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். அவ்வாண்டில் வேலைநிறுத்த அலை ஊவாவுக்கும் பரவியது. பதுளையை அடுத்த வேவெஸ்ஸத் தோட்டத்திற் தொழிலாளர் தமக்கெனத் தெரிவுசெய்யப்பட்ட குழுவொன்றை அமைத்தனர். அத்தியட்சர் அக்குழுவைக் கலந்தே நடக்க உடன்பட்டார். ‘சட்டமும் ஒழுங்கும்’ நிலைநாட்டச் சென்ற ஆயுதந்தாங்கிய பொலிஸ் குழுவைத் தொழிலாளர் நிராயுதபாணிகளாக்கினர். பின்னர் கடுமையான அடக்குமுறை கட்டவிழ்த்து விடப்பட்டது. நமது பொருளுக்கு இதனாற் பெறப்படும் பாடம் யாதெனில், தோட்டத்துள் ஒழுங்கு என்பது மக்களின் கூட்டு இணக்கத்திலும் எழக்கூடியது என்பதை ஊவாத் தொழிலாளர் குறுகிய காலத்துக்கேனும் மெய்ப்பித்தனர் என்பதாகும்.

அதன் பின்னைய வரலாற்றைச் சுருங்கக் கூறலாம். இலவசக் கல்வியின் பயன் தோட்டப் பிள்ளையை எட்டுமுன் 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவனது பெற்றோரை நாடற்றவராக்கியது. 1960, 1961 ஆம் ஆண்டுகளில் உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது தோட்டப் பாடசாலைகள் புறத்தே விடப்பட்டன. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தினைத் தொடர்ந்து, எழுபதுகளின் பிற்பகுதியிலேயே அவை பெருமளவில் அரச பாடசாலைகளாயின. துரையின் நேரடி அதிகாரத்தினின்றும் பாடசாலை விடுபட்டது. மலையக ஆசிரியர் தலைமுறையொன்று உருவாகியது. இச்சாதனையைக் குறைத்து மதிப்பிடுதல் தகாது.

ஆனால் துரையின் அதிகாரம் விலகிய அதே காலத்தில் வேறோர் அதிகாரம் வளர்ந்தது. 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் தமிழ் இளைஞன் என்பதே ஐயத்துக்குக் காரணமாயிற்று. அடையாள அட்டையில்லாத தோட்டத்து மாணவனுக்குச் சோதனைச் சாவடி நாளாந்த அனுபவமாயிற்று. 2000 ஆம் ஆண்டு ஒக்டோபர் 25 ஆம் நாள், பண்டாரவளையை அடுத்த பிந்துனுவௌ புனர்வாழ்வு முகாமிலே தடுத்து வைக்கப்பட்டிருந்த தமிழ் இளைஞருள் இருபத்தைந்துக்கும் மேற்பட்டோர் கும்பலொன்றினாற் கொல்லப்பட்டனர். அவர்களுட் பள்ளிப் பருவத்தினரும் இருந்தனர். பொலிஸார் அங்கு நின்றிருந்தனர். 2003 ஆம் ஆண்டிற் பொலிஸ் அதிகாரிகள் இருவர் உட்பட ஐவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2005 ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் எஞ்சியோரையும் விடுதலை செய்தது. இளைஞரைத் ‘திருத்துவதற்கென’ அமைந்த ஓரிடத்தில், அவர்களைக் காக்கவேண்டிய சீருடை என் செய்தது என்பதை ஊவாவின் தமிழ்ப் பெற்றோர் மறந்திலர். பாடசாலைக்குப் பொலிஸை அழைப்போம் என்று கூறுபவர் இந்நினைவையும் கணக்கிற் கொள்ளல் வேண்டும்.

6

அரசு பாடசாலைகளைப் பொறுப்பேற்றமை மட்டும் பழைய அதிகார உறவை அழித்துவிடவில்லை என்பதற்கு அண்மைய நிகழ்வொன்று சான்றாகும். 2018 ஆம் ஆண்டு ஜனவரியில், மாணவர் அனுமதி பற்றிய பிணக்கொன்றில், பதுளைத் தமிழ் மகளிர் பாடசாலையொன்றின் அதிபர் அப்போதைய ஊவா மாகாண முதலமைச்சரின் முன்னிலையில் முழந்தாளிட வைக்கப்பட்டாரென்ற செய்தி நாடெங்கும் கொந்தளிப்பை ஏற்படுத்தியது. மாகாணக் கல்வியமைச்சும் அம்முதலமைச்சரின் பொறுப்பிலேயே இருந்தது. மக்களின் எதிர்ப்பு வலுத்த பின்னரே அவர் கைதாகிப் பிணையில் விடப்பட்டார். முழந்தாளிடுதல் வகுப்பறைத் தண்டனைகளுள் ஒன்றென்பதை நாம் அறிவோம். ஆசிரியர் பிள்ளைக்கு விதித்த தண்டனையை ஆள்வோர் ஆசிரியருக்கே விதிக்கும்போது, அத்தண்டனை எவ்வகுப்பினரின் சொத்து என்பது தெளிவாகின்றது. ஆசிரியர் அதனை இரவலாகவே வைத்திருந்தார்.

சட்டத்தின் போக்கும் இம்முரண்பாட்டைக் காட்டும். 1939 ஆம் ஆண்டிற் கல்விக் கட்டளைச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் வந்த சிறுவர் இளைஞர் கட்டளைச் சட்டம் பிள்ளைகளைக் கொடுமைப்படுத்துதலைக் குற்றமாக்கிய அதே பிரிவிலேயே பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் உள்ள தண்டிக்கும் உரிமையைக் காப்பாற்றியது. 2005 ஆம் ஆண்டில் நீதிமன்றங்கள் விதிக்கும் கசையடி சட்டத்தால் நீக்கப்பட்டது. பாடசாலையில் உடற்றண்டனையைத் தடுக்கக் கல்வியமைச்சின் சுற்றுநிருபங்கள் வந்தன. சிறைக் கைதிக்குச் சட்டம் வழங்கிய பாதுகாப்பைப் பள்ளிப் பிள்ளை சுற்றுநிருபத்தின் வழியே தேடவேண்டியதாயிற்று. ஆசிரியரின் பிரம்பு விலக்கப்பட்டமையாலேயே பொலிஸ் தேவைப்படுகின்றது என்ற வாதம் இச்சூழலில் எழுவதே. அதாவது, ஒரு தண்டிப்பவருக்குப் பதிலாக மற்றொரு தண்டிப்பவர். தண்டனையன்றி ஒழுங்குக்கு வேறு அடிப்படை இல்லை என்ற நம்பிக்கை மட்டும் மாறவில்லை.

இவ்வாதம் இலங்கைக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவிற் பொலிஸ் அதிகாரிகளைப் பாடசாலையில் நிலையாக அமர்த்தும் முறை 1950களில் மிச்சிகன் மாநிலத்தின் மோட்டார்த் தொழில் நகரான பிளின்ற்றில் அரும்பியது. பிற்காலத்தில் நாடெங்கும் அது பரவியபோது கறுப்பின மாணவர் தம் தொகைக்கு மிஞ்சிய விகிதத்தில் அதனாற் கைதாயினர். 2020 ஆம் ஆண்டில் ஜோர்ஜ் புளொயிட் கொல்லப்பட்ட பின்னர் மினியாப்பொலிஸ் நகரக் கல்விச் சபை பொலிஸ் திணைக்களத்துடனான தன் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. சமூகத்தில் யார் ஏற்கெனவே ஐயத்துக்கு ஆளாகியுள்ளனரோ அவர்களின் பிள்ளைகளே பாடசாலைப் பொலிஸின் முதற் குறியாவர் என்பது இவ்வனுபவம் தரும் செய்தி.

மடுல்சீமை போன்ற பகுதிகளில் இவ்வையத்துக்கு மொழியும் துணைசெய்யும். தமிழ் 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தினால் அரசகரும மொழியாயிற்று. பதுளை மாவட்டத்துப் பிரதேசச் செயலகப் பிரிவுகள் சில இருமொழி நிருவாகப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டுள்ளன. எனினும் தன் வாக்குமூலம் தான் வாசிக்கவியலாத மொழியில் எழுதப்பட, அதன் கீழ்க் கையொப்பமிடும் நிலை மலையகத் தொழிலாளிக்குப் புதிதன்று. வகுப்பறையிலே தீர்க்கக்கூடிய ஒரு சிறு பிணக்கு பொலிஸ் நிலையத்துக்குப் போகும்போது, நகரத்து நடுத்தர வகுப்புப் பிள்ளைக்கு அஃது ஓர் எச்சரிக்கையாக முடியலாம். தோட்டத்துப் பிள்ளைக்கு அது பாடசாலையின் முடிவாகவே அமையலாம். தந்தை ஒரு நாட்பேரை இழந்து பொலிஸ் நிலையம் செல்வார். மறுவாரம் பிள்ளை கொழும்பிலே கடையொன்றிலோ வீடொன்றிலோ வேலைக்கு நிற்கும்.

இதனாற் பொலிஸுக்கும் பிள்ளைக்கும் எத்தொடர்பும் கூடாதென்பது நம் கருத்தன்று. பிள்ளையை வேலைக்கமர்த்துபவரையும், பாலியற் கொடுமை இழைப்பவரையும், பாடசாலை வாயிலிற் போதைப்பொருள் விற்பவரையும் சட்டத்தின் முன் நிறுத்துதல் பொலிஸாரின் கடமையாகும். 1998 ஆம் ஆண்டின் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைச் சட்டமும் இந்நோக்குடையதே. பிள்ளைக்கு எதிரான குற்றத்தை விசாரித்தல் வேறு. பிள்ளையையே குற்றவாளியாகக் கருதிக் கண்காணித்தல் வேறு. முன்னையதில் இன்றும் காணப்படும் அசிரத்தையும் பின்னையதிற் காட்டப்படும் உற்சாகமும் சேர்ந்தே நம் ஐயத்தைத் தூண்டுகின்றன.

தமிழில் ‘ஒழுக்கம்’ என்ற சொல் ‘ஒழுகு’ என்ற வினையடியாகப் பிறந்தது. நீர் ஒழுகுதல் போல் இயல்பாக நிகழும் நடத்தை என்பது அதன் உட்பொருள். ‘கட்டுப்பாடு’ என்பதோ கட்டப்படுதல். குறளில் ஒழுக்கமுடைமைக்குத் தனி அதிகாரம் உண்டு. அங்கு பேசப்படுவது முன்னையதேயாகும். தோட்டப் பாடசாலையின் வரலாறு முழுவதிலும் ஒழுக்கம் என்ற பெயரால் வழங்கப்பட்டது கட்டுப்பாடே. ஒழுகுவதற்கு நீர் வேண்டும். போதிய ஆசிரியர், கணிதமும் விஞ்ஞானமும் கற்பிக்கும் வசதி, பசியாறிய வயிறு, லயத்து ஒற்றை அறைக்கு அப்பால் அமர்ந்து படிக்க ஓரிடம், படித்து முடித்தபின் ஒரு தொழில் ஆகியனவே அந்நீர். இவற்றை வழங்காத சமுதாயம் மாணவரின் ஒழுங்கின்மையைப் பற்றி முறையிடுதல், பெரட்டுக்களத்திற் பசியோடு நின்றவனின் தாமதத்தைப் பற்றித் துரை முறையிட்டமைக்கு ஒப்பாகும்.

ஆகவே பாடசாலையிற் பொலிஸின் பங்கு யாது என்ற வினாவை நாம் ஊவாவின் வரலாற்றிலிருந்து வேறுவிதமாக எழுப்புதல் வேண்டும். பாடசாலையின் ஒழுங்கு எவரின் நலனுக்காக, எவரால், எவரைக் கலந்து அமைக்கப்படுகின்றது என்பதே உரிய வினாவாகும். 1940 இல் வேவெஸ்ஸத் தொழிலாளர் தம் தோட்டத்தைப் பற்றி எழுப்பிய வினாவும் இதுவே. அவ்வினாவைப் பெற்றோரும் ஆசிரியரும் மாணவரும் தொழிற்சங்கங்களும் கூடித் தத்தம் பாடசாலைகளைப் பற்றி எழுப்புவாராயின், தோட்டத்தின் பாடசாலை மக்களின் பாடசாலையாக மாறும் பணி அங்கிருந்தே தொடங்கும்.